மொட்டை மாடித் தணலில் பரங்கிக்காய்: இனிப்பும் உப்பும் புளிப்புமாய் ஒரு வெஞ்சனம்

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் அவருடைய அக்கா, அந்த ஊரில் 'விண்டர் ஸ்குவாஷ்' என்ற காயைக் கரி அடுப்பில் வாட்டி, இனிப்பும் உப்புமாகச் சாப்பாட்டோடு வைப்பதாகச் சொல்லிப் படமும் அனுப்பியிருக்கிறார். அதைப் பார்த்துத் தம்பி மொட்டை மாடியில் இரண்டு முறை முயன்றிருக்கிறார். குளிர்காலப் பூசணி என்றால் சாம்பல் பூத்து வெள்ளையாக இருப்பதுதானே என்று எண்ணி, முதல் முறை வெண்பூசணியை வாங்கினார். அது தண்ணீர் விட்டுத் துவண்டுபோனது. இரண்டாம் முறை மஞ்சள் பூசணியில் வெல்லப்பாகைத் தடவி அடுப்பில் வைத்தார். மேல்புறம் கரிந்து, உள்ளே பச்சையாகவே நின்றுவிட்டது. எந்தக் காயை வாங்குவது, எப்படிச் சுடுவது, நம் சாப்பாட்டில் எதனோடு சேர்ப்பது என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, முதல் முறை காய் தவறிவிட்டது. இரண்டாம் முறை வரிசை தவறிவிட்டது. உங்கள் கைப்பக்குவத்தில் பெரிய குறை ஒன்றும் இல்லை. இந்த வெஞ்சனத்துக்கு வேண்டிய இனிப்பில் பெரும்பங்கு முற்றிய காய்க்குள்ளேயே இருக்கிறது. மெதுவான தணலில் நேரம் கொடுத்தால் அது தானாக வெளியே வரும். வெல்லமோ கருப்பட்டியோ அடுப்பை விட்டு இறக்குவதற்கு முந்தைய இரண்டு நிமிடத்துக்கு மட்டுமே உரியது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் அதைச் சுற்றி அமைந்துவிடும் என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் காய். 'விண்டர் ஸ்குவாஷ்' குளிர்காலத்தில் விளைவதில்லை. அமெரிக்கா போன்ற குளிர் நாடுகளில் வசந்தத்தின் கடைசியில் விதைத்து, கோடை முழுவதும் கொடி ஓடவிட்டு, உறைபனி விழுவதற்கு முன்னால் நன்றாக முற்றிய காயாகப் பறிக்கிறார்கள். தோல் தடித்துக் கெட்டியாக இருப்பதால் குளிர்கால மாதங்களில் வைத்திருந்து சமைக்க முடிகிறது. பெயர் அதிலிருந்து வந்தது. சுக்கினி போலப் பிஞ்சில் பறித்து உடனே சமைப்பவற்றைக் கோடை ஸ்குவாஷ் என்று பிரித்துச் சொல்கிறார்கள். ஆகவே இந்தப் பெயரைக் கேட்டதும் நாம் தேட வேண்டியது முற்றலான காயை. உங்கள் அக்கா அனுப்பிய படத்தில் காய் நீண்ட கழுத்தும் உருண்ட அடியுமாக, வெளிர் மஞ்சள் தோலோடு இருந்தால் அது பட்டர்நட் என்ற வகை. குக்கர்பிட்டா மாஸ்கேட்டா என்ற தாவர இனத்தைச் சேர்ந்தது. நம் ஊரில் மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி, பரங்கிக்காய் என்றும், கொங்குப் பக்கத்தில் அரசாணிக்காய் என்றும் சொல்லும் காயும் பெரும்பாலும் அதே இனந்தான். எனவே பட்டர்நட்டைத் தேடி நீங்கள் பெரிய கடைகளுக்கு அலைய வேண்டியதில்லை. அதன் உடன்பிறப்பு உங்கள் தெருவுக்குத் தள்ளுவண்டியில் வருகிறது. வெண்பூசணியோ முற்றிலும் வேறான பெனின்காசா என்ற பேரினத்துக் காய். அதில் 100-க்கு 96 பங்கு நீர்; சர்க்கரையும் மாவும் மிகக் குறைவு. அல்வாவுக்கும் மோர்க்குழம்புக்கும் அது அருமையான காய் என்றாலும், தணலில் சிவக்க அதனிடம் சரக்கு கிடையாது.

பரங்கிக்காய் என்ற பெயரிலேயே அதன் வரலாறு இருக்கிறது. பரங்கியர் என்று நம் முன்னோர் அழைத்த ஐரோப்பியரின் வருகைக்குப் பிறகு, அமெரிக்கக் கண்டத்திலிருந்து நமக்கு வந்து சேர்ந்த காய் அது. மெக்சிகோவின் ஓஹாகா பகுதிக் குகையொன்றில் கிடைத்த பூசணி விதைகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் பழமையானவை என்று கணித்திருக்கிறார்கள். மக்காச்சோளத்துக்கும் முந்திப் பயிராகிய கொடி இது. மிளகாயும் அதே கண்டத்திலிருந்து, அதே காலகட்டத்தில் வந்ததுதான். பரங்கிக்காயின் இனிப்போடு மிளகாயின் உறைப்பைச் சேர்க்கும்போது, ஒரே மண்ணில் பிறந்த இரண்டும் நம் இலையில் மறுபடி ஒன்று சேர்கின்றன என்று எனக்குத் தோன்றும்.

வாங்கும் இடம் உங்கள் வசதியைப் பொறுத்தது. மதுரையில் மாட்டுத்தாவணிச் சந்தையிலும் பரவைச் சந்தையிலும் முழுக் காய்கள் குவிந்திருக்கும். அண்ணா நகர் உழவர் சந்தையில், அதாவது 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டில் முதன்முதலாகத் திறக்கப்பட்ட உழவர் சந்தையில், விளைவித்தவரிடமே எப்போது பறித்தது என்று கேட்டு வாங்கலாம். இந்தச் சமையலுக்கு அந்தக் கேள்விதான் மிக முக்கியம் என்பதால் என் கால்கள் அங்கேதான் போகும். முழுக் காயாக வாங்கினால் காம்பைப் பாருங்கள். அது காய்ந்து, தக்கை போல வெளுத்திருக்க வேண்டும். பச்சையாகவும் சாறு கசிந்தும் இருந்தால் காய் முற்றுமுன் பறித்தது. தோலின் பளபளப்பு மங்கியிருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் உள்ளே இறங்கக் கூடாது. கையில் தூக்கினால் அளவுக்கு மீறிய கனம் தெரிய வேண்டும். வெட்டிய பத்தையாக வாங்கினால் இன்னும் எளிது: சதை ஆழ்ந்த ஆரஞ்சு நிறத்தில் நெருக்கமாகவும், விதைகள் பருத்தும் இருந்தால் அது முற்றிய காய். வெளிர் மஞ்சளாக, வெட்டிய முகத்தில் நீர்த்துளி கோத்து, விதை சப்பையாக இருப்பதைச் சாம்பாருக்கு விட்டுவிடுங்கள்.

வகையைப் பற்றியும் ஒரு சொல். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 பெரிய காய்; ஒன்று 7 முதல் 8 கிலோ வரை வரும். கோ 2 ஒன்றரை முதல் 2 கிலோ வரை நிற்கும் சிறிய காய், ஆரஞ்சுச் சதை, சுமார் 135 நாள் பயிர். பெங்களூரு அருகேயுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சந்தன் என்ற வகை இரண்டு முதல் மூன்று கிலோ எடையில் கெட்டிச் சதையோடு நல்ல இனிப்பாக இருக்கும். சுடுவதற்கு எப்போதும் சிறிய காயைத்தான் சொல்வேன். அதில் சதைக்கும் தோலுக்கும் உள்ள விகிதம் பத்தை போடத் தோதாக இருக்கிறது, நாலு பேர் உள்ள வீட்டில் மிச்சமும் விழாது. ஆடிப் பட்டத்தில் விதைத்த கொடி மார்கழி, தையில் முற்றிய காய் தருகிறது. மார்கழிக் கோலத்தில் சாண உருண்டையின் மேல் பூவும், பொங்கலன்று கூட்டில் காயும் வருவது இந்தக் கணக்கால்தான். இந்தச் சுட்ட வெஞ்சனத்துக்கும் தை, மாசி மாதங்களே மிகப் பொருத்தமானவை.

பறித்த காயை உடனே சுட வேண்டாம். உசிலம்பட்டிப் பக்கத்தில் இருந்த என் அத்தை வீட்டில், கூரை மேல் படர்ந்த கொடியிலிருந்து இறக்கிய காய்களைக் காம்போடு பரணில் வரிசையாக வைத்திருப்பார்கள்; பொங்கலுக்குப் பிறகும் வாரக்கணக்கில் அவை அங்கேயே இருக்கும். மாசியில் அறுக்கும் காய் தையில் அறுத்ததைவிட இனிக்கும் என்பது அத்தையின் துணிபு. அதற்குரிய காரணத்தைப் பிற்பாடுதான் படித்தேன்: பறித்த பிறகும் காய் உயிரோடு சுவாசித்துக்கொண்டிருக்கிறது, அதனுள் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சிறிது சிறிதாகச் சர்க்கரையாக மாற்றுகின்றன. காற்றோட்டமும் நிழலும் உள்ள இடத்தில், காய்கள் ஒன்றையொன்று இடிக்காமல், இரண்டு மூன்று வாரம் வைத்திருந்தால் வேறுபாடு நாக்கிலேயே தெரியும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்த மாற்றம் வேகமாக நடந்து, கூடவே காய் நீரிழந்து நாரோடத் தொடங்கிவிடும்; ஆகையால் கோடையில் பத்து நாளுக்கு மேல் வைக்காதீர்கள். காம்பு உதிர்ந்த காய் அந்த வழியாகவே அழுகத் தொடங்கும். அதை முதலில் சமைத்துவிட வேண்டும்.

அறுத்ததும் ஒரு சிறு துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயை முழுவதுமாக எறிந்துவிடுங்கள். வெள்ளரி, சுரை, பூசணிக் குடும்பத்தில் எப்போதாவது குக்கர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் மிகுந்துவிடுவது உண்டு. அது வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும், வேகவைத்தாலும் போகாது, வெல்லத்தால் மறைக்கவும் முடியாது. வீட்டு விதையை எடுத்து, பலவகைக் கொடிகளுக்கு நடுவே மறுபடி போட்டு விளைந்த காயில் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள்.

இனி உங்கள் காய் ஏன் கரிந்தது என்பதற்கு வருகிறேன். காய்க்குள் ஈரம் இருக்கும்வரை அதன் உட்பகுதி 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. இரண்டு விரல் தடிமனுள்ள பத்தை நடுப்பகுதிவரை வேகக் கால் மணி நேரமாவது வேண்டும். கருப்பட்டியிலும் வெல்லத்திலும் இருக்கும் சர்க்கரையோ 160 டிகிரியிலேயே நிறம் மாறத் தொடங்கி, இன்னும் கொஞ்சம் ஏறினால் கசப்பாகிக் கருகிவிடும். கனலும் கரிக்கு நேர்மேலே இருக்கும் கம்பி இதையெல்லாம் எளிதில் தாண்டிய சூட்டில் இருக்கிறது. ஆகவே பாகு தடவிய பச்சைக் காயைத் தணல்மேல் வைத்த மூன்றாவது நிமிடத்தில் பாகு கரிந்துவிடுகிறது, காய் இன்னும் பன்னிரண்டு நிமிடம் கேட்கிறது. எவ்வளவு கைதேர்ந்தவர் செய்தாலும் இதுதான் நடக்கும். நானும் ஒருமுறை வீட்டு விசேஷத்துக்கு வந்திருந்த உறவினர் இருபது பேருக்காகக் கருப்பட்டிப் பாகில் ஊறவைத்த பத்தைகளை அடுப்பில் அடுக்கினேன். ஒரு தட்டுகூடப் பந்திக்குப் போகவில்லை. பாகைக் கடைசிக்குத் தள்ளியது அன்றிலிருந்துதான்.

அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கங்களில் சீமைக் கருவேல மரத்தில் மூட்டம் போட்டு எடுக்கும் கரிதான் நமக்கு எளிதில் கிடைப்பது. அது நின்று எரியும், சூடும் நன்றாக இருக்கும். கொட்டாங்குச்சிக் கரி சீக்கிரம் பற்றிக் கடும் சூடு தரும் என்பதால் அதைத் தனியாகப் போடாமல், கருவேலங்கரியை மூட்டுவதற்கு ஒரு கைப்பிடி மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். மண்ணெண்ணெய் ஊற்றி மூட்டாதீர்கள், கற்பூரமும் வேண்டாம். பரங்கிக்காயின் ஈரமான சதை எந்த வாடையையும் உடனே இழுத்துக்கொள்ளும். காய்ந்த தேங்காய் நாரும் பாளைச் சிம்பும் போதும். மூட்டிய இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கரி முழுவதும் சிவந்து, மேலே மெல்லிய சாம்பல் பூக்கும். அதற்கு முன் காயை வைக்கக் கூடாது. சாம்பல் பூத்ததும் கரியில் பெரும்பகுதியை அடுப்பின் ஒரு பாதிக்குத் தள்ளிக் குவித்து, மறுபாதியில் நாலைந்து துண்டு மட்டும் பரவலாக விடுங்கள். இப்போது ஒரே அடுப்பில் கடுந்தணலும் இளந்தணலும் உங்களுக்குக் கிடைத்துவிட்டன. கம்பிக்கு ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள்: இரண்டு மூன்று எண்ணுவதற்குள் கையை இழுக்க வைப்பது கடுந்தணல், ஆறேழு எண்ணும்வரை தாங்க முடிந்தால் இளந்தணல். இந்த வேலை முழுவதும் மொட்டை மாடியிலோ முற்றத்திலோதான் நடக்க வேண்டும். மூடிய அறையிலும் அடுக்களையிலும் கரி மூட்டினால் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்சைடு தங்கி உயிருக்கே ஆபத்தாகும். மழை வந்துவிட்டது என்று அடுப்பை உள்ளே தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

நாலு பேருக்கு ஒரு கிலோ காய் போதும். நன்றாகக் கழுவி, இரண்டாகப் பிளந்து, விதையையும் நாரையும் வழித்தெடுத்துவிட்டு, பிறை வடிவில் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள பத்தைகளாக நறுக்குங்கள். தோலைச் சீவ வேண்டாம். சதை இளகும்போது பத்தை உடைந்து தணலில் விழாமல் அதுதான் தாங்கிப் பிடிக்கிறது. வெந்த பிறகு இளந்தோலை அப்படியே தின்னலாம், கெட்டித் தோலைச் சாப்பிடும்போது ஒதுக்கிவிடலாம். எல்லாப் பத்தையும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஒன்றரைத் தேக்கரண்டி கல்லுப்பைப் பொடித்துப் பிசறி இருபது நிமிடம் விட்டால் காய் மேலோட்டமான நீரைக் கக்கிவிடும். அந்த நீரைக் கொட்டி, பத்தைகளைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரமான மேற்பரப்பு முதலில் ஆவியாகவே வெப்பத்தைச் செலவழிக்கும், சிவக்காது. பிறகு இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், அரைத் தேக்கரண்டி மிளகுத் தூள், கால் தேக்கரண்டி சீரகத் தூள் சேர்த்துப் புரட்டுங்கள். எண்ணெயைக் காயில்தான் தடவ வேண்டும். கம்பியில் ஊற்றினால் சொட்டிப் புகைந்து காய்க்குக் காறல் ஏறும்.

பத்தைகளை முதலில் இளந்தணல் பக்கம் அடுக்கி, ஓர் அலுமினியத் தாம்பாளத்தையோ கவிழ்த்த சட்டியையோ மேலே மூடி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிவிடுங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடத்தில் கத்தி முனை தடையில்லாமல் இறங்கும். பதம் எப்படி இருக்க வேண்டுமென்றால், அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கை விண்டால் இருக்குமே, அந்தப் பதம். குழைந்தால் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். பதம் வந்ததும் மூடியை எடுத்துவிட்டுக் கடுந்தணல் பக்கம் மாற்றி, ஒவ்வொரு முகத்துக்கும் ஒன்றரை, இரண்டு நிமிடம் கொடுங்கள். அங்கங்கே செம்பழுப்புத் தடம் விழும். அந்தத் தடத்தில்தான் சுட்ட மணம் இருக்கிறது. சுட்ட கத்திரிக்காயைப் போலத் தோல் முழுவதும் கருகும்வரை விடுவது இதற்குப் பொருந்தாது. கத்திரிக்காயில் கருகிய தோலை உரித்துவிடுகிறோம். இங்கே சதையே நேராகத் தணலைப் பார்க்கிறது.

பாகுக்கு 50 கிராம் கருப்பட்டியை அரைக் கால் படித் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். கருப்பட்டியில் மணல் இல்லாமல் இருக்காது, வடிகட்டுவதைத் தவிர்க்கவே கூடாது. நெல்லிக்காய் அளவு புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகப் பிழிந்த கரைசலை அதில் சேர்த்து, ஒரு சிட்டிகைச் சுக்குத்தூள், கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி கொரகொரப்பாகப் பொடித்த மிளகாய் போட்டு, கரண்டியின் முதுகில் படிந்து நிற்கும் அளவுக்குச் சுண்டவையுங்கள். கம்பிப் பதத்துக்கு விடாதீர்கள், ஆறியதும் இறுகிப் பல்லில் ஒட்டும். இராமநாதபுரம் முண்டு மிளகாய், நம் கடைகளில் குண்டு மிளகாய் என்று கேட்டு வாங்குவது, இதற்கு மிகப் பொருத்தம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மிளகாயில் உறைப்போடு தனி மணமும் உண்டு. கருப்பட்டி கிடைக்காவிட்டால் மண்டை வெல்லம் போதும். வெள்ளைச் சர்க்கரை மட்டும் வேண்டாம். அதில் இனிப்பு ஒன்றுதான் இருக்கிறது, கருப்பட்டியின் புகை கலந்த ஆழம் அதில் வராது.

இந்தப் பாகைக் காய் முழுவதும் வெந்து தடம் விழுந்த பிறகு, மறுபடி இளந்தணல் பக்கத்துக்கு மாற்றிவைத்து, தேங்காய் நாரைக் கட்டிய குச்சியாலோ தூரிகையாலோ மேல்முகத்தில் மெல்லியதாகத் தடவுங்கள். ஒரு நிமிடத்தில் நுரைத்துப் பளபளக்கும். திருப்பி மறுமுகத்துக்கும் ஒரு நிமிடம். உடனே இறக்கி, மிச்சப் பாகைத் தட்டிலேயே மேலே ஊற்றுங்கள். சூடு தணிவதற்குள் அரை எலுமிச்சையைப் பிழிந்து, வறுத்த எள்ளையோ ஒன்றிரண்டாகப் பொடித்த வேர்க்கடலையையோ தூவி, மல்லித்தழை கிள்ளிப் போட்டால் முடிந்தது. எலுமிச்சையைக் கட்டாயம் பிழியுங்கள். புளி பாகோடு சேர்ந்து அடங்கிய புளிப்பைத் தருகிறது; கடைசியில் விழும் எலுமிச்சைதான் நாக்கை விழிக்கச் செய்து, அடுத்த பத்தைக்குக் கையை நீட்டவைக்கிறது.

இனிப்பையும் புளிப்பையும் பூசணியோடு சேர்ப்பது நம் புளிக்கறிக்கு மட்டும் உரிய பழக்கமும் இல்லை. இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்து ஏழைகளின் வீடுகளில் தோன்றிய ஒரு பண்டம் இருக்கிறது. பூசணிப் பத்தையைப் பூண்டோடு எண்ணெயில் பொரித்து, சர்க்கரையும் வினிகரும் சேர்த்துச் சுண்டவைத்து, புதினாவைத் தூவி, ஆறவிட்டுச் சாப்பிடுவார்கள். பணக்காரர் உண்ட ஈரலுக்கு ஈடாக அதை வைத்துக்கொண்டதால் அதற்கு ஈரல் என்றே பெயர். ஜப்பானில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் வரும் நாளில், சோயாச் சாறும் சர்க்கரையும் சேர்த்து வேகவைத்த கபோச்சாப் பூசணியை உண்கிறார்கள். அமெரிக்கர் மேப்பிள் மரத்துப் பாகையும் வெண்ணெயையும் சேர்க்கிறார்கள். இவற்றுள் எனக்குப் பிடித்தது சிசிலிக்காரர் வழி. நம் நாக்குக்கு அதுவே நெருக்கம். அதை நினைத்து நான் ஒரு மாற்றம் செய்து பார்த்திருக்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ ஆண்டு முழுவதும் கிடைக்கும் பன்னீர் திராட்சையைப் பிழிந்து, கால் லிட்டர் சாற்றைச் சிறுதீயில் நாலு மேசைக்கரண்டியாகச் சுண்டவைத்து, கருப்பட்டிக்கும் புளிக்கும் பதிலாக அதை மிளகாயும் உப்பும் சேர்த்துத் தடவினேன். நிறம் கருநீலமாக வரும். இனிப்பும் புளிப்பும் ஒரே பொருளில் இருப்பதால் பாகு தனியாகவும் புளி தனியாகவும் நாக்கில் நிற்பதில்லை. மேலே புதினா. விருந்தாளி வரும் நாளில் இதையே செய்யுங்கள் என்பேன்.

பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் ஆகியவற்றை வெளிநாட்டார் இதில் தாராளமாகப் போடுகிறார்கள். அவை காயைப் பாயசத்தின் பக்கம் இழுத்துவிடுகின்றன என்பது என் கருத்து. சோற்றோடு உண்ணப் போகும் பண்டத்துக்கு மிளகு, சீரகம், சுக்கு போதும்.

கரி அடுப்புக்கு வழியில்லாத வீட்டில் தோசைக்கல் இருக்கிறது. பத்தைகளை இட்லிக் கொப்பரையில் ஆறேழு நிமிடம் ஆவியில் வேகவைத்து, தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் காற்றாட விட்டு, நல்ல சூடேறிய இரும்புத் தோசைக்கல்லில் எண்ணெய் தடவி ஒவ்வொரு முகத்தையும் அசைக்காமல் மூன்று நிமிடம் வைத்தால் ஏறக்குறைய அதே பலன் வரும். புகைமணம் மட்டும் குறையும்.

எதனோடு சாப்பிடுவது என்ற கேள்விக்கு என் முதல் விடை தயிர்ச் சோறு. குளிர்ந்த தயிரும் சூடான பத்தையும், ஒன்று வெறும் புளிப்பாகவும் மற்றொன்று இனிப்பும் உறைப்புமாகவும், ஒன்றுக்கொன்று இடம் விட்டு நிற்கின்றன. பருப்புச் சோற்றோடும் மிளகு ரசத்தோடும் நன்றாக இருக்கும். சாம்பாரோடும் வற்றல் குழம்போடும் வைக்காதீர்கள். குழம்பிலும் புளி, வெஞ்சனத்திலும் புளி என்று ஆகிவிடும். அசைவம் சமைக்கும் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிச் சுக்காவுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். மிளகும் கொழுப்பும் கனத்த அந்தக் கறிக்கு நடுவே ஒரு பத்தை நாவைத் துடைத்துவிட்டது போல இருக்கும். குதிரைவாலிச் சோற்றோடும் கேழ்வரகுக் களியோடும் பொருந்தும். பரோட்டாவும் சால்னாவும் உள்ள இலையில் இதற்கு வேலை இல்லை.

இந்தக் காயின் ஆரஞ்சு நிறம் பீட்டா கரோட்டினால் வருவது. உடல் அதை வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்கிறது. கொழுப்போடு சேர்ந்தால்தான் அது நன்றாக உட்கிரகிக்கப்படும் என்பதால், நல்லெண்ணெயை ஒரேயடியாகக் குறைத்துவிடாதீர்கள். வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர் இருந்தால் அவருக்கு உரிய பத்தைகளைப் பாகு தடவாமல், எலுமிச்சையும் மிளகும் மட்டும் சேர்த்துத் தனியாக எடுத்து வையுங்கள். கருப்பட்டி உடம்புக்கு நல்லது, அதனால் கணக்கில்லை என்று சொல்பவர்கள் உண்டு; கருப்பட்டியும் சர்க்கரைதான், இரத்தத்தில் அது தன் வேலையைச் செய்யும். பாகில்லாத பத்தையும் முற்றிய காயில் செய்தால் போதிய இனிப்போடுதான் இருக்கும்.

வழித்தெடுத்த விதைகளை எறிந்துவிடாதீர்கள். நாரைக் கழுவிப் போக்கி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, வெறும் சட்டியில் வறுத்து உப்புத் தெளித்தால் கொறிக்கலாம். தோலுரித்த பருப்பை எள்ளுக்குப் பதிலாகப் பத்தையின் மேலேயே தூவலாம். சுட்டது மிஞ்சினால் மறுநாள் தோலை நீக்கி, வதக்கிய உளுத்தம்பருப்பு, இரண்டு வரமிளகாய், சிறிது தேங்காயோடு சேர்த்து அம்மியிலோ மிக்சியிலோ கெட்டியாக அரைத்துக்கொள்ளுங்கள். பாகில் இருந்த புளியே போதும், தனியாகச் சேர்க்க வேண்டாம். காலையில் இட்லிக்கு அந்தத் துவையலைத் தொட்டுச் சாப்பிடுவதற்காகவே என் வீட்டில் இரண்டு பத்தை கூடுதலாகச் சுடுகிறோம்.